மறுநாள் வந்து கேட்கிறவர்கள்

உங்கள் வீட்டுத் தொட்டியிலோ கொல்லையிலோ ஒரு மருந்துச் செடி இருக்கும். துளசி, தூதுவளை, கற்பூரவல்லி... ஏதோ ஒன்று. பக்கத்து வீட்டில் கேட்டால் நாலு இலை பறித்துக் கொடுப்பீர்கள், இல்லையா? அந்த நாலு இலையைப் பற்றித்தான் இந்த வாரம்.

போடிநாயக்கனூரில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மிளகுதக்காளிச் செடி நிற்கிறது. சென்னையில் மணத்தக்காளி என்றால்தான் புரியும். அதை யாரும் நடவில்லை. பறவை போட்ட விதை. தண்ணீர் ஊற்றுவது மட்டும் பெரியம்மா. கீரை, கூட்டுக்கு. பச்சைக் காய் உப்பு மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து வத்தக்குழம்புக்கு. கறுத்துப் பழுத்தது பிள்ளைகளின் வாய்க்கு.

கேட்டால் கொடுப்பார். ஆனால், சும்மா கொடுத்துவிட மாட்டார். “யாருக்கு? வாய்ப்புண்ணா, வயித்துப்புண்ணா? எத்தனை நாளா இருக்கு? டாக்டர்ட்ட காமிச்சியா?” என்று ஒரு விசாரணைக் கமிஷனே நடக்கும். பச்சைக் காயைப் பிள்ளைகள் அப்படியே வாயில் போட்டால் முதுகில் ஒன்று விழும். மறுநாள் காலையில் தெருவில் இறங்கிப் போய், “புண்ணு ஆறுச்சா?” என்று கேட்டுவிட்டு வருவார். எனக்கு அது வெகுநாள் வரை ஊர் வம்பாகத்தான் பட்டது.

அவருடைய பேரன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். ஒரு ஆகஸ்ட் மாதம் வீடியோ காலில் வேலியோரச் செடி ஒன்றைக் காட்டினான். கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழங்கள். “அப்பத்தா, நம்ம மிளகுதக்காளி மாதிரியே இருக்கு. தின்னலாமா?”

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “வேணாம்யா. எனக்கு நம்ம ஊருச் செடிதான் தெரியும். அந்த ஊருச் செடிய அந்த ஊருக் கெழவிகிட்ட கேளு.”

கேட்டிருக்கிறான். அது எல்டர். ஐரோப்பாவில் வீட்டு வேலிகளில் வளர்கிற சின்ன மரம். கோடையின் தொடக்கத்தில் பூக்கும் வெள்ளைப் பூவைச் சர்க்கரை, எலுமிச்சையோடு ஊறவைத்து சர்பத் செய்வார்கள். பழத்தைக் காய்ச்சி, சளிக்கு என்று சிரப் எடுத்து வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அவனிடம் சொன்னாராம்: “காம்பும் இலையும் சேரவே கூடாது. பழத்தை வேகவைக்காமல் வாயில் வைக்காதே.”

அந்தப் பாட்டியைப் போல ஒருவர் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. 25 பேர் கூடியிருந்த இடம். காட்டு எல்டர் பழத்தை இலை, கிளையோடு சேர்த்துப் பச்சையாகப் பிழிந்து, சாறு கொடுத்தார்கள். 11 பேருக்கு வாந்தியும் தலைச்சுற்றலும். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். சாறு பிழிந்தவர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. உபசாரம்தான் செய்தார்கள்.

கலிபோர்னியா எதற்கு? என் கதைக்கே வருகிறேன். 2020-ல் ஊரே கஷாயம் காய்ச்சியது நினைவிருக்கிறதா? எனக்கும் செல்போனில் ஒரு செய்முறை வந்தது. சுக்கு, மிளகு இன்னும் என்னென்னவோ. ‘நல்ல விஷயம்’ என்று நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அதில் ஒரு நண்பர் சிரத்தையாக மூன்று வேளையும் குடித்திருக்கிறார். ஏற்கெனவே அவருக்கு வயிற்றுப்புண். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீடு திரும்பி, இரண்டு வாரம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “நல்லதுக்குத்தானே சொன்னேன்!” ‘அவர் எப்படி இருக்கார்?’ என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு எழுதினால், மறுபக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். ‘நல்ல மனசு’ என்ற வரவை என் பெயரில் எழுதிக்கொண்டேன். பற்று, பாவம், அவர் வயிற்றில் விழுந்தது.

‘அப்படியானால் யாருக்கும் எதையும் சொல்லவே கூடாதா? எல்லாவற்றுக்கும் டாக்டரிடம்தான் ஓடணுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். போடியில் விடிகிற நேரத்தில் ஜீப்பில் ஏறி, மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால், ஒரு நாள் கூலி போச்சு. பிள்ளையின் வாய்ப்புண்ணுக்குப் பெரியம்மா வீட்டுக் கொல்லைதான் அவர்களுக்கு முதல் கதவு. ‘எனக்கெதற்கு வம்பு’ என்று அந்தக் கதவைச் சாத்துவதும் குற்றம்தான்.

பெரியம்மா கதவைச் சாத்தவில்லை. கொடுக்கும் முன் கேட்கிறார். கொடுத்தபின் போய்ப் பார்க்கிறார். ஆறவில்லை என்றால், “கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்” என்கிறார். தெரியாத செடி என்றால், தெரியாது என்று பேரனிடமே சொல்கிறார். நான் வம்பு என்று நினைத்தது, அவர் கொடுத்த கீரைக்கு அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. ஏலக்காய் மின் ஏலம் நடக்கிற ஊர் அது. அங்கே வியாபாரிகள் காய்க்கு மாதிரி பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். மனுஷன் வயிற்றுக்குள் போகிற ஒன்றைப் பற்றி, நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நாற்பது பேருக்கு வாரி விட்டிருக்கிறேன்.

கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால், இலையைக் கிள்ளும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள்: நாளைக் காலையில் அந்த வீட்டு வாசலில் போய், “எப்படி இருக்கு?” என்று உங்களால் கேட்க முடியுமா?

நாற்பது வாசலில் என்னால் நிற்க முடியாது. அதனால், இப்போதெல்லாம் ஒருவருக்கு மட்டும்தான் சொல்கிறேன். மறுநாள் போன் செய்கிறேன்.