ஓய்வும் உப்பும்

உல்லாசப் பயணம் ஓர் ஒழுக்கப் பிரச்னை ஆகுமா? உழைத்தவன் சாவகாசமாகக் காரோட்டிக்கொண்டு கடலோரம் போகிறான், புல்வெளியில் கோல்ஃப் ஆடுகிறான், திரும்புகிறான். யாருக்கு என்ன நஷ்டம்? இதைக் கண்டிப்பது சுலபம். எனக்கு அதில் உவப்பில்லை. வங்கி ஊழியனுக்கு எல்.எஃப்.சி. உண்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றிவர வங்கியே செலவு தரும். சங்கம் வைத்து ஓய்வை உரிமையாகக் கேட்டு வாங்கியவர்கள் ஓய்வைப் பழிப்பது போலித்தனம். என் கேள்வி வேறு: போகிற இடம் பயணியின் பிரக்ஞையில் ஓர் இடமாக இருக்கிறதா?

கீழ்பென்னாத்தூர் வழியே போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். மேற்கே திருவண்ணாமலை தாண்டிச் செங்கம். கிழக்கே செஞ்சி, திண்டிவனம், அதற்கப்பால் மரக்காணம், கடல். பத்துப்பாட்டின் இரண்டு ஆற்றுப்படைகள் இந்தத் தடத்தின் இரு முனைகளில் நிற்கின்றன. மலைபடுகடாம் கூத்தரைச் செங்கண்மாவின் நன்னனிடம் அனுப்புகிறது. சிறுபாணாற்றுப்படை பாணனைக் கிடங்கில் நல்லியக்கோடனிடம். கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது. வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பார்கள். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு இருக்கும் பொந்து, வழுக்கும் பாறை என்று ஒருவர் எச்சரிக்கிறார். பரதவர் வீட்டில் சுட்ட மீன், ஆமூரில் நண்டுக் கறியோடு சோறு என்று மற்றவர் சொல்கிறார். நிலம் மாறினால் சோறு மாறுகிறது, ஆபத்தும் மாறுகிறது.

ஆனால் பாணன் உல்லாசி இல்லை. உப்பில்லாமல் கீரையை வேகவைத்து, வெட்கத்தில் கதவை அடைத்துத் தின்ற குடும்பம் அவனுடையது. பசிதான் அவனை வழியைப் பார்க்க வைத்தது. வயிறு நிறைந்தவனுக்கு அந்தப் பார்வை சாத்யமில்லையா? பழங்காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். நல்லியக்கோடனின் கொடைக்குப் பின்னால் யாருடைய உழைப்பு என்பதைப் புலவர் கேட்கவில்லை.

கோல்ஃபும் ஒரு திணையில் பிறந்ததுதான். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் உழுநிலத்துக்கும் நடுவே மணல்மேடுகள். ஏருக்கு உதவாதவை, ஆடு மேய்ந்தவை. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1552ஆம் வருஷத்துச் சாசனம் ஒன்று, ஆர்ச்பிஷப் அங்கே முயல் வளர்க்கலாம், ஆனால் ஊர் ஜனங்கள் ஆடும் உரிமை மாறாது என்கிறது. நம் மந்தைவெளி மாதிரி. ஆட்டம் நிலத்துக்குப் பணிந்திருந்தது. நிலம் ஊருக்குப் பொதுவாயிருந்தது.

இந்த இரண்டும் கழன்றபின் கிடைப்பதை அம்பாந்தோட்டையில் பார்க்கலாம். இலங்கையின் தென்கரை, வறண்ட பிரதேசம், உப்பளங்கள். 1908 முதல் 1911 வரை அங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த லியனார்ட் உல்ஃபுக்கு உப்புச் சேகரிப்பும் ஒரு பொறுப்பு. காடு ஒரு கிராமத்தை விழுங்குவதை அவர் 1913இல் நாவலாக்கினார். 2016இல் திறந்த ஷாங்ரி-லா விடுதி அதே கரையில் 18 குழி கோல்ஃப் மைதானத்தோடு நிற்கிறது. கொழும்பிலிருந்து அதிவேகச் சாலை இருக்கிறது; நடுவில் எதையும் பார்க்காமலே போய்ச் சேரலாம். அந்தப் பச்சை எங்கேயும் விரிக்கக்கூடிய பச்சை. அதற்குத் திணை கிடையாது. உல்ஃபின் கிராமத்தைக் காடு விழுங்கியது. இங்கே புல் நிலத்தின் ஞாபகத்தை விழுங்குகிறது.

பயனில்லாமல் சுற்றுவது குற்றமில்லை. 18 குழிகளைச் சுற்றுகிறவன் புறப்பட்ட இடத்துக்கே வருகிறான். 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவனும் அப்படித்தான். கிரிவலப் பாதையிலும் வியாபாரம் உண்டு, நெரிசல் உண்டு. ஆனால் மலையைப் பெயர்த்து வேறொரு கரையில் வைக்க முடியாது. பாதைக்கு அங்கத்தினர் சீட்டும் இல்லை.

ஆகவே உல்லாசப் பயணியிடம் கேட்கத்தக்கது துறவும் இல்லை, தானமும் இல்லை. மரக்காணத்தில் வண்டி வேகம் குறையும்போது பாத்தியில் நிற்பவரைப் பார்ப்பது. அவருக்கும் ஓய்வு உண்டு: மழை பெய்தால். அதற்கு வேலையில்லை என்று பெயர். ஒரே வானத்தின் கீழ் ஒருவருக்கு விடுமுறையாவது மற்றவருக்குப் பட்டினியாவதை அறிந்தபின்னும் அவன் கடலோரம் போகலாம். அறியாதிருக்கும் வசதியையும் சேர்த்து விலைக்கு வாங்கும்போதுதான் ஓய்வு ஒழுக்கப் பிரச்னையாகிறது.