வளர்ப்புப் பிள்ளைக்கு நிலையான மனை

சைவாசிரியர்காள்!

திருநாவலூர் வீதியிலே சிறுதேருருட்டி விளையாடிய மதலையை நரசிங்கமுனையரையர் கண்டு, பெற்றோரை வேண்டிப் பெற்று, தம் மகனாகவே வளர்த்தனர். ஆயினும் பெற்றோருறவை அறுத்திலர். பின்னர்த் திருமணம் பேசியவர் தந்தையாராகிய சடையனாரே. அம்மதலையே சுந்தரமூர்த்தி சுவாமிகள். அங்ஙனம் வளர்ந்த அவர், கோட்புலியார் அடிமையாக அளித்த சிங்கடி, வனப்பகை இருவரையும் புதல்வியராகவே ஏற்றனர். பெற்ற அன்பு பிறர்க்கும் பெருகுமென்பது இதனாற் பெறப்படும்.

இனி, இக்காலத்தே பெற்றோரைப் பிரிந்து பிறர் மனையில் வளரும் பிள்ளைகளை நோக்குமின். உணவும் உடையும் அவர்க்குக் கிடைத்தாலும், 'இதுவே என் வீடு' என்னுந் துணிவு இல்லை. பன்முறை பிடுங்கி நட்ட நாற்று வேரூன்றுமோ? ஆதலின், பிள்ளை பிறர் கைக்கு வந்த அன்றே அதன் நிலையான மனையைச் சிந்தித்தல் வேண்டும்.

பெற்றோர் குறை தீருமாயின் அவரிடஞ் சேர்த்தலே முதன்மை. அஃதியலாதாயின், தம்பியார்பொருட்டு உயிர்தாங்கிய திலகவதியார் போலுஞ் சுற்றத்தாரைத் தேடுக. அவருமிலராயின், 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டப்படி நீதிமன்ற ஆணைபெற்று நல்லாரொருவர் மகவாக்குக. வளர்ப்பின் தொடர்ச்சியும், பிள்ளையின் சமயமும் மொழியும் கருதப்படல் வேண்டுமென 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயமும் விதிக்கின்றது. முடிவு நீளுமாயின் பிள்ளைப்பருவமோ காத்திராது.

ஆசிரியர்க்குரிய கடன் யாதெனின், அத்தகைய பிள்ளையிடம் பலர்முன் பெற்றோர் பெயர் வினவாதொழிக. மனை மாறினும் பள்ளி மாறாதிருக்க முயல்க. நன்னடத்தை உத்தியோகத்தர் வினவுங்கால் பிள்ளையின் விருப்பத்தை அஞ்சாது எடுத்துரைக்க.

தாயுந் தந்தையுமிலாத இறைவன் எல்லார்க்குந் தாயுந் தந்தையுமாயினன். அவனடியார் மனைவாயில் ஒரு பிள்ளைக்கேனும் அடையாதிருத்தல் அவன் பூசையேயாம்.

திருச்சிற்றம்பலம்.