அந்த இரண்டு பேர்

டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் சலினாஸ் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்ணாகத் தெரிவார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடையும், தசை திரளும், ஆண்குறி வளரும். ஊரார் அவர்களைக் ‘குவெவெதோசெஸ்’ என்றார்கள். பன்னிரண்டில் விரை வருபவர்கள் என்று பொருள். நியூயார்க்கிலிருந்து அங்கே சென்று ஆராய்ந்த ஹார்மோன் மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி, 1974இல் ‘சயின்ஸ்’ இதழில் தன் குழுவினரோடு இதன் காரணத்தை எழுதினார்.

இந்தக் குழந்தைகளின் குரோமோசோம் எக்ஸ்ஒய். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதிதான் குறைவு. கருவில் ஆணின் வெளியுறுப்புகளை உருவாக்குவது அந்த இரண்டாவது ஹார்மோன். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போது உடல் மாறுகிறது. ஆனாலும் இவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. முன்தலை வழுக்கையும் விழவில்லை. இந்தக் கவனிப்பு ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு வழிவகுத்தது. அமெரிக்காவில் 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும் 1997இல் வழுக்கைக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. ஓர் ஏழைக் கிராமத்தின் உடல்களிலிருந்து கிடைத்த அறிவு எங்கெங்கோ உள்ள ஆண்களின் தலைமுடியைக் காக்கிறது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 1979இல் வந்த அவரது இன்னொரு கட்டுரை. பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, போதிய தகவல் கிடைத்தவர்கள் 18 பேர். பருவத்துக்குப் பின் அவர்களில் 17 பேர் தங்களை ஆணாக உணர்ந்தார்கள். 16 பேர் ஆணாக வாழத் தொடங்கினார்கள். எனவே பாலின உணர்வைத் தீர்மானிப்பதில் வளர்ப்பைவிட ஹார்மோனுக்கே வலிமை அதிகம் என்றார் இம்பெராட்டோ மெக்கின்லி.

பாலினம் சமூகம் கற்றுத்தருவது என்று பேசிவரும் நமக்கு இது சங்கடமான முடிவு. உடனே மறுக்கத் தோன்றும். மறுப்பதற்குக் காரணமும் உண்டு. ஆணுக்கு நடமாட்டமும் மதிப்பும் அதிகம் உள்ள ஊரில், ஆணாவதை ஹார்மோன் மட்டுமே தூண்டியதென்று எப்படிச் சொல்வது? மேலும், இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு பெயரே வைத்திருந்த ஊர் அது. அந்த மாற்றத்துக்கு அங்கே இடம் இருந்தது.

ஆனால் நமக்குப் பிடித்த தரப்பின் கையிலும் கத்தி இருந்தது. 1950களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் மனி முன்வைத்தது வளர்ப்பே முதன்மை என்ற கோட்பாடுதான். அதை நம்பித்தான் இடையிலிங்கக் குழந்தைகளின் உறுப்புகளை மழலைப் பருவத்திலேயே வெட்டித் ‘திருத்தினார்கள்’. பலர் பெண்ணாக்கப்பட்டார்கள். வளர்ந்தபின் அவர்களுக்கு மிஞ்சியவை தழும்பும், உணர்ச்சி இழந்த உறுப்பும், வீட்டில் பேசக்கூடாத ரகசியமும்.

ஒருவர் வளர்ப்பு என்றார், மற்றவர் ஹார்மோன் என்றார். இரண்டு பதில்களும் அந்த உடலில் வாழ்பவரிடமிருந்து வரவில்லை. அதனால்தான் நான் அந்த 18 பேரில் விடுபட்ட இரண்டு பேரிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். ஒருவர் பெண்ணாகவே தன்னை உணர்ந்தார். இன்னொருவர் ஆணென்று உணர்ந்தும் பெண்ணாக உடுத்தி வாழ்ந்தார். அதே நொதிக் குறைபாடு, அதே வளர்ப்பு, வாழ்க்கை வேறு. புள்ளிவிவரத்தில் அவர்கள் விதிவிலக்கு. ஓர் அறத்தை அமைக்கும்போது அவர்களை ஒதுக்கிவிட முடியாது. 17 பேருக்குச் சரியாகும் முடிவைப் பதினெட்டாவது குழந்தையின் மேல் கத்தியால் எழுதும் உரிமை யாருக்கு உண்டு?

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தந்தார். பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றது தீர்ப்பு. அவ்வாண்டே, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இடையிலிங்கக் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவைசிகிச்சை கூடாதென்று தமிழக அரசு ஆணையிட்டது.

ஆணை இருந்தால் போதாது. பிரசவ அறைக்கு வெளியே “என்ன குழந்தை?” என்று கேட்டு நிற்கும் நாமும், பதில் வரச் சில வருடங்கள் ஆகலாம் என்பதைத் தாங்கப் பழக வேண்டும். பெண்ணுடலைப் பற்றி அடுத்தவர் முடிவெடுப்பதை எதிர்த்துவந்த நமக்கு இது புதிய பாடம் அல்ல.