கருத்தடை மருந்தாய்வில் இல்லறத்தான் சேரலாமா?

கேள்வி: ஆண்களுக்கான ஹார்மோன் கருத்தடை மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். அது எப்படிப்பட்ட மருந்து? இல்லறத்தில் இருப்பவர் அதில் சேருவது தர்மமா?

பதில்: விந்தணு உற்பத்திக்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை விரைகளை எட்டினால்தான் அங்கே டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் உண்டாகும். புரோஜெஸ்டின் வகை மருந்தையும் டெஸ்டோஸ்டிரோனையும் வெளியிலிருந்து கொடுத்தால், உடலில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை அந்த உத்தரவை நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாக, விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். அந்த அடர்த்தி குறைந்ததும் உற்பத்தி நின்றுபோகிறது. தசை வலிமை, தாடி, இல்லற நாட்டம் ஆகியவற்றுக்குத் தேவையான அளவை வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய்கிறது. ஒரு விந்தணு முழுமையாக உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆவதால், மருந்தைத் தொடங்கிய மறுநாளே பலன் கிடைக்காது. முதல் சில மாதங்களுக்கு வேறு கருத்தடை முறையும் கூடவே வேண்டும்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 7 நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் ஓர் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 1990-லேயே வெளிவந்தது. 8 வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போடும் இன்னொரு ஆய்வில் 320 ஆண்கள் சேர்ந்தார்கள். கருத்தடை நன்றாகவே பலித்தது; ஆண்டுக்கு 100 பேரில் ஏறக்குறைய 1.6 என்ற அளவில்தான் கர்ப்பம் நேர்ந்தது. ஆனால் மனச்சோர்வு, மனநிலை மாற்றம், முகப்பரு, ஊசி போட்ட இடத்தில் வலி போன்ற புகார்கள் வந்ததால் 2011-ல் ஊசி நிறுத்தப்பட்டது. அப்படியிருந்தும், இந்த முறை கடைக்கு வந்தால் பயன்படுத்துவோம் என்று பங்கேற்றவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். 2018-ல் தொடங்கிய ஆய்வில் ஊசி கிடையாது. செஜெஸ்டெரோன் அசிடேட் என்ற புரோஜெஸ்டினும் டெஸ்டோஸ்டிரோனும் கலந்த ஜெல்லைத் தினமும் தோளிலும் மேற்கையிலும் தடவிக்கொள்ள வேண்டியிருந்தது. எடின்பரோ, மான்செஸ்டர், லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் ஆகிய ஊர்களும் அந்த ஆய்வில் இடம்பெற்றன. இவற்றில் தமிழ்க் குடும்பங்கள் பல இருப்பதால், தர்மம் பற்றிய இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

சேருவது தர்மமா என்பதற்கு ஒரே சொல்லில் விடை இல்லை. கருத்தடை பாவமா என்று பலரும் தொடங்குகிறார்கள். உண்மையில் முடிவு தங்கியிருப்பது அங்கே அல்ல, மனைவியின் சம்மதத்தில். அதைக் கீழே பார்க்கலாம்.

கேள்வி: உயிர் உண்டாவதைத் தடுப்பது கொலைக்குச் சமம் என்கிறார்களே?

பதில்: சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், ஆணின் சுக்கிலமும் பெண்ணின் சுரோணிதமும் ஜீவனும் கருப்பையில் ஒன்றுசேர்ந்தால்தான் அது கரு என்கிறது. இந்த இலக்கணப்படி, தனியாக நிற்கும் விந்தணு ஜீவன் குடியேறிய உடல் அல்ல. அது மட்டுமல்ல, இந்த மருந்து உண்டான விந்தணுவை அழிப்பதில்லை, உண்டாகாமல் தடுக்கிறது. சிசுஹத்தி தோஷத்தை இதன்மேல் ஏற்றுவது சாஸ்திரத்துக்கும் பொருந்தாது, அறிவியலுக்கும் பொருந்தாது.

பித்ரு கடன் வேறு விஷயம். ரிஷிகளுக்குப் பிரம்மசரியம், தேவர்களுக்கு வேள்வி, பித்ருக்களுக்குச் சந்ததி என்று மூன்று கடன்களோடு மனிதன் பிறப்பதாகத் தைத்திரீய சம்ஹிதை கூறுகிறது. பிள்ளை பெற்றவர் மூன்றாவது கடனைத் தீர்த்துவிட்டவர். அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. இன்னும் பிள்ளை இல்லாதவர் ஆண்டுக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1990 முதல் 2005 வரை நடந்த 30 ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,549 ஆண்களின் விவரங்களைத் திரட்டி 2006-ல் ஒரு கணிப்பு வெளியானது. மருந்தை நிறுத்திய பிறகு விந்தணு எண்ணிக்கை வழக்கமான அளவுக்குத் திரும்ப, நடுத்தரக் கணக்கில் மூன்றரை மாதம் ஆனது. 6 மாதத்தில் 67 விழுக்காட்டினருக்கும் ஓராண்டில் 90 விழுக்காட்டினருக்கும் அது திரும்பிவிட்டது. மீதிப் பேருக்கு இன்னும் கூடுதல் காலம் பிடித்தது. மனைவிக்கு 33, 34 வயது ஆகியிருக்கும் வீட்டில் ஆய்வுக் காலமும் திரும்பும் காலமும் சேர்ந்தால் இரண்டு ஆண்டைத் தாண்டிவிடும். அடுத்த ஆண்டு பிள்ளை வேண்டும் என்று ஷஷ்டி விரதம் இருக்கும் தம்பதிக்கு இந்த ஆய்வில் வேலையே இல்லை.

கருத்தடைச் சாதனங்களைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து அவரைச் சந்தித்த அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரிடம், புலனடக்கமே வழி என்பதில் உறுதியாக நின்றார். அந்த வழியை மனப்பூர்வமாக ஏற்றவருக்கு இந்த ஆய்வு தேவையில்லை. ஏற்காதவரை அதர்மி என்று சொல்ல இந்து மரபில் ஒரே தலைமைப்பீடம் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை தெளிவானது: திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ல் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ மடல் செயற்கைக் கருத்தடையை விலக்குகிறது. இஸ்லாமிய மரபில் ‘அஸ்ல்’ எனப்படும், விந்தை வெளியே விடும் முறை நபிகள் காலத்தில் இருந்ததாக ஹதீஸ் உண்டு. மனைவியின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று சட்ட அறிஞர்களில் பலர் கூறியிருப்பது இங்கே கவனத்துக்குரியது.

கேள்வி: பரிசோதனைக்காக அடிக்கடி விந்து கொடுக்க வேண்டுமாம். அது பிரம்மசரிய பங்கம் ஆகாதா? உடல் தேஜஸ் குறையாதா?

பதில்: மருந்து பலிக்கிறதா என்று அறிய விந்தணுவை எண்ணித்தான் ஆக வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். அதனால் மாதிரி கொடுப்பது தவிர்க்க முடியாதது. மனு ஸ்மிருதி விந்து விரயத்தைக் கடிந்து பேசுவது குருகுலத்தில் இருக்கும் பிரம்மசாரிக்கான விதிகளின் நடுவில். மருத்துவத்துக்காக இல்லறத்தான் கொடுக்கும் மாதிரியை அதோடு சேர்க்க வேண்டியதில்லை. குளித்துவிட்டுப் பூஜைக்குப் போகலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் நாட்களில் மாதிரி கொடுக்கும் தேதி வந்தால் முன்கூட்டியே மையத்தில் சொல்லித் தேதியை மாற்றிக் கேட்கலாம். ஆனால் விரதத்தைக் காட்டி மருந்தை நிறுத்தக் கூடாது. உறவு இல்லாத நாளிலும் மருந்து தொடர்ந்தால்தான் உற்பத்தி அடங்கியிருக்கும்.

தேஜஸ் பற்றிய அச்சத்துக்கு அடிப்படை இல்லை. வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது. விந்தணுவின் பங்கு மிகச் சிறியது. விந்தணு நின்றாலும் திரவம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: ததீசி தன் எலும்பைக் கொடுத்தார், சிபி தன் சதையை அறுத்துக் கொடுத்தார், கண்ணப்பர் கண்ணையே கொடுத்தார். உலக நன்மைக்கு உடலைக் கொடுப்பவர் மனைவியின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

பதில்: அந்த மூவரும் கொடுத்தது தங்களுடையதை, வலியும் அவர்களுடையதே. ஆண் கருத்தடை ஆய்வில் கணக்கு அப்படி இல்லை. மருந்தை உடலில் ஏற்பவர் ஒருவர். மருந்து பலிக்காமல் போனால் அதைச் சுமப்பவர் இன்னொருவர். மருத்துவத்திலேயே அபூர்வமான நிலை இது. காய்ச்சல் மருந்து பலிக்காவிட்டால் காய்ச்சல் மருந்து குடித்தவருக்குத்தான். இங்கே கர்ப்பம் மனைவிக்கு. ஆய்வின் பிற்பகுதியில், ஏறக்குறைய ஓராண்டுக் காலம், தம்பதி இந்த மருந்தை மட்டுமே நம்பி வாழ வேண்டும். அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குகிறார்கள். கணவன் கையெழுத்துப் போட்டபின் மனைவி தலையாட்டுவது சம்மதம் ஆகாது. வேள்வியில் மனைவி உடனிருந்தால்தான் கர்மம் நிறைவுறும் என்று விதித்த மரபு இது. அவளை விட்டுவிட்டுச் செய்யும் தியாகத்தை அது தியாகமாக ஏற்பது கடினம்.

ஆண் இந்தப் பாரத்தில் பங்கெடுப்பது நியாயம் என்பதில் சந்தேகமில்லை. பெண்களுக்கான கருத்தடை மாத்திரை 1956-ல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. தாங்கள் விழுங்குவது சோதனை மருந்து என்பது அவர்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை; தலைசுற்றல், வாந்தி என்ற அவர்களின் புகார்களும் பொருட்படுத்தப்படவில்லை. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்து ஒருவர் ஆய்வில் சேர நினைத்தால் அது நல்ல எண்ணமே. அந்த நல்ல எண்ணத்தை வைத்து மனைவியை நெருக்கினால் மட்டும் அது கெட்டுவிடும். மறுபக்கமும் உண்டு: கணவனின் மனம் ஏற்கெனவே சோர்ந்திருக்கிறது என்று தெரிந்தும் ‘நீங்கள் சேர்ந்தால்தான் ஆச்சு’ என்று மனைவி வற்புறுத்துவதும் அறமல்ல. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர் அதை மறைத்துச் சேரவே கூடாது.

கையெழுத்துக்கு முன்பு இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்தையும் மீறிக் கரு உண்டானால் என்ன செய்வது? இந்தியச் சட்டம் கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தை 20 வாரத்துக்குள் கலைக்க இடம் தருகிறது. ஸ்மிருதிகளோ கருவழித்தலைப் பெரும்பாவங்களில் வைக்கின்றன. சட்டம் அனுமதிப்பதை மனசாட்சி அனுமதிக்காத தம்பதி, ‘வந்தால் வளர்ப்போம்’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமானால் சேரலாம். சொல்லும்போது ஒருவர் குரல் தயங்கினாலும் சேராமல் இருப்பதே மேல்.

கேள்வி: ஜெல்லில் ஆல்கஹால் இருக்கிறதாமே? அதைத் தடவிக்கொண்டு கோயிலுக்குப் போகலாமா?

பதில்: இவ்வகை ஜெல்லில் ஆல்கஹால் கலப்பது வழக்கம்; தடவியதும் அது ஆவியாகிவிடும். மேலுக்குப் பூசும் மருந்தை மதுபானமாகக் கருதத் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது ஆல்கஹாலைப் பற்றி அல்ல, அதில் உள்ள ஹார்மோனைப் பற்றி. ஜெல் பூசிய தோல் இன்னொருவர் தோலில் உரசினால் மருந்து அவருக்கும் போகும். டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசிய தந்தையைத் தொட்டுக்கொண்டே இருந்த சிறு குழந்தைகளுக்கு வயதுக்கு மீறிய பருவ அறிகுறிகள் தோன்றியதால், 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அத்தகைய ஜெல்களின் மருந்துக் குறிப்பில் கடும் எச்சரிக்கை சேர்க்க வைத்தது. தேரோட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துச் சாமி காட்டும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. வெறுந்தோளில் ஜெல் இருக்கும்போது அது கூடவே கூடாது. திருச்செந்தூர்போல ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நெரிசலில் நின்று தரிசனம் செய்யும் கோயில்களுக்குப் போகும் நாளில், தரிசனம் முடித்துவிட்டுப் பூசிக்கொள்வது நல்லது. இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடப் போகிறவர் நீராடிய பின்பே பூச வேண்டும். பூசிய சில மணி நேரத்துக்குள் நனைந்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டில் பழக வேண்டிய முறை எளிது: குளித்து, துவட்டி, பூசி, காயவிட்டு, சட்டை போட்டு, கையைச் சோப்பால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது.

கேள்வி: பங்கேற்பவருக்குப் பணம் தருகிறார்கள். வாங்கினால் புண்ணியம் போய்விடுமா?

பதில்: பயணச் செலவுக்கும் செலவழித்த நேரத்துக்கும் ஈடாகத் தரும் தொகையை வாங்குவதில் தவறில்லை. பணம் இல்லாவிட்டால் சேர்ந்திருக்கவே மாட்டார் என்றால், அங்கே முடிவெடுப்பது அவர் அல்ல, அவருடைய கஷ்டம். கடன் நெருக்கும் காலத்தில் இப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: முடிவு வராமல் குழப்பமாக இருக்கிறது. கோயிலில் பூப்போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் விந்தணு எண்ணிக்கையைச் சொல்லாது. தகவல் தாளை முழுவதும் படித்து, கேள்விகள் கேட்டு, இருவர் மனமும் ஒத்த பிறகு உத்தரவு கேட்பது பக்தி. படிக்காமல் கேட்பது பொறுப்பைச் சாமிமேல் போடுவது. மனைவிக்குத் தெரியாமல் போட்டுப் பார்க்கும் பூவுக்கு எந்த மதிப்பும் இல்லை.

கேள்வி: சேர்ந்தபின் பாதியில் விலகினால் வாக்குத் தவறிய பாவம் வருமா?

பதில்: வராது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகலாம் என்பதை உள்ளடக்கியதுதான் அந்தச் சம்மதம். 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனம் முதலே இது மருத்துவ ஆய்வின் அடிப்படை விதி. தெய்வத்தின் முன் செய்யும் சங்கல்பத்தோடு அதைக் குழப்பிக்கொண்டு, மனம் இருண்டு வருகையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது தவறு. வாக்குத் தவறுதல் இங்கே வேறு இடத்தில் இருக்கிறது: மருந்தைப் பூசாத நாளில் பூசியதாகக் குறிப்பேட்டில் எழுதுவது, தூக்கம் கெட்டதையோ எரிச்சல் கூடியதையோ சொல்லாமல் மறைப்பது. அந்தப் பொய்யை நம்பி நாளை இன்னொரு வீட்டில் இன்னொருவர் மருந்தைப் பூசிக்கொள்வார்.

விலகும் நாளிலேயே ஆணுறையோ வேறு முறையோ தொடங்கிவிட வேண்டும். விந்தணு எந்த வாரத்தில் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்துவிட்டது என்று பரிசோதனை காட்டும்வரை மையத்துக்குப் போய் மாதிரி கொடுத்துவர வேண்டும்.