பின்சக்கரமும் பூநாரையும்

பயனற்ற பேச்சைக் கண்டிப்பதற்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு. 'பயனில சொல்லாமை' என்னும் அந்த இருபதாம் அதிகாரத்தை அளவுகோலாகக் கொண்டால், நாம் நாள்தோறும் பேசித் தீர்க்கும் சொற்களுள் எத்தனை தேறும்? சேர்ந்து சைக்கிளில் செல்வோரின் பேச்சு நிச்சயம் தேறாது என்றே தோன்றும். ரிம்மில் விழுந்த கீறல், தளர்ந்துபோன ஸ்போக்ஸ் கம்பி, குளக்கரையில் கண்ட நாரை, மின்கம்பியில் அமர்ந்திருந்த பனங்காடை என்று தொடர்பின்றித் தாவும் பேச்சு அது. ஆயினும் அப்பேச்சினுள் நம் அனைவரையும் தொடும் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது: பிறர் குறையை எடுத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

இப்பேச்சு செழிப்பதற்கு ஏற்ற இடம் நம் தாமிரபரணிச் சமவெளி. பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றை எட்டு அணைக்கட்டுகள் வழிமறித்துக் கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் அனுப்புகின்றன. அக்கால்வாய்களை ஒட்டிய சாலைகள் பெரும்பாலும் சமதரையானவை, சைக்கிளுக்கு இசைந்தவை. வயலில் கொக்கும், மதகில் மீன்கொத்தியும், குளத்து மரங்களில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் காட்சி தருகின்றன. இயந்திர இரைச்சல் இல்லாத சைக்கிளுக்குப் பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அருகருகே மிதிப்பவர்கள் குரலை உயர்த்தாமலே பேசிக்கொள்ளலாம். பார்க்கவும் பேசவும் ஒருங்கே இடந்தரும் வாகனங்கள் உலகில் மிகச் சிலவே.

இனி, சக்கரத்தைச் சற்று நோக்குவோம். நம் ஊர்களில் நெடுங்காலமாக ஓடும் 28 அங்குலச் சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் உள்ளன. பின்சக்கரம் மிகுதியான பாரம் தாங்குவதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம். எல்லாக் கம்பிகளும் ஒத்த இறுக்கத்தோடு இழுத்துப் பிடித்திருக்கும்வரை ரிம் வட்டமாக நிற்கிறது. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளின்மேல் ஏறுகிறது. சக்கரம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. இதனையே கோட்டம் என்கிறோம். கவனியாது விட்டால், கம்பி செருகிய துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு கீறல் விழுகிறது. கோட்டத்தை எடுத்துவிடலாம், கீறலை எடுக்க முடியாது. கீறிய ரிம்மை மாற்றியே தீரவேண்டும். மாற்றாமல் ஓட்டினால், ஒரு பள்ளத்திலோ இறக்கத்திலோ அது ஆளையே சாய்த்துவிடும்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ஓட்டுபவர் தம் பின்சக்கரத்தைக் காண முடியாது. தம்மைச் சுமந்து வரும் அச்சக்கரம் ஆடுவதைப் பின்னால் வருபவரே முதலில் காண்கிறார். நம் வாழ்வும் இவ்வாறே அமைந்துள்ளது. நம்முடைய கோபம், சிறுகச் சிறுக வளரும் கஞ்சத்தனம், பிள்ளைகளிடம் தடித்துப்போன சொல் ஆகியவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடன் வருபவருக்குத் தெரிகின்றன. எனவே, நம்மைக் காப்பது பலவேளைகளில் பிறர் கண்ணே.

ஆனால், அந்தக் கண் சொல்வதை நாம் கேட்கிறோமா? நட்பு வெறுமனே சிரித்து மகிழ்வதற்கன்று, நெறி தவறுகையில் இடித்துரைப்பதற்கே என்னும் கருத்தை வள்ளுவர் 784ஆம் குறளில் வைக்கிறார். அக்கருத்தை ஏற்கும் நாம், அதனோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லத் துணிகிறோம். சேர்ந்து சிரித்திராதவர் இடித்துரைத்தால் காது திறப்பதில்லை. "அதோ பாருங்கள், பூநாரை!" என்று காட்டிய அதே வாய், "அண்ணாச்சி, உங்க பின்வீல் ஆடுதே" என்று சொல்லும்போது நாம் உடனே இறங்கிப் பார்க்கிறோம். அழகைப் பகிர்ந்துகொண்டவர் நம் குறையைச் சொல்வதில் பகை இல்லை என்பதை உள்ளம் முன்னரே அறிந்துகொள்கிறது. பறவையைப் பற்றிய பேச்சு வீண்பேச்சாகத் தோன்றினும், அதுவே மற்றப் பேச்சுக்கு வழி திறக்கிறது.

அப்படியானால், அன்புறவு இல்லாத இடத்தில் உண்மையைச் சொல்லாது விடலாமோ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சக்கரம் உடையும் தறுவாயில் சாலையில் போகும் அந்நியரும் கூவி எச்சரிக்கக் கடமைப்பட்டவர்தாம். ஆயின், அந்நியர் கண்ணுக்குக் குறை தெரிவது அது முற்றிய பிறகே. கோட்டமாக இருக்கையிலேயே காண்பதற்குக் கூடவே பல கல் தொலைவு வந்திருக்க வேண்டும். உறவின்றி வரும் திருத்தம் பெரும்பாலும் காலங்கடந்தே வருகிறது.

திருத்துவதற்கும் ஓர் அளவுண்டு. கோட்டம் எடுக்கும் தொழிலாளியைக் கவனிப்போம். சக்கரம் சாயும் பக்கத்துக் கம்பியைச் சிறிது தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைச் சிறிது முறுக்குகிறார், சுழற்றிப் பார்க்கிறார், மீண்டும் கால் திருப்பு. ஒரே கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே போனால் அந்தத் துளையிலேயே கீறல் விழும் என்பதை அவர் கை அறியும். அளவுமீறிய கண்டிப்பும் கவனமின்மையைப் போலவே உடைத்துவிடுகிறது. ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு மகனையோ மருமகளையோ முறித்துவிட்ட குடும்பங்களை நாம் அறியாதவர்கள் அல்லர்.

தனிமனிதர்க்கு உரியது ஊருக்கும் உரியதே. நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்திற்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகின்றன. வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்ட அவ்வூர் மக்கள் இடம் தந்தனர். அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ராம்சார் ஈரநிலப் பட்டியலில் அது இடம்பெற்ற செய்தி வெளியானது 2022இல். மக்களின் அன்பு முந்தியது, சட்டம் பிந்தியது. பறவைகளைத் தம் விருந்தினராகக் கருதிய அம்மக்கள், "ஓசை செய்யாதீர்கள்" என்று வருவோரிடம் சொன்னால் அச்சொல்லுக்கு எடை உண்டு. 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்கள் குளந்தோறும் சென்று எண்ணுகின்றனர். பறவைகள் குறைந்துவிட்டன என்று எச்சரிக்கும் தகுதி, அவற்றை ஆசையோடு எண்ணியவர்க்கே முழுமையாக உண்டு.

மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில், வானத்துப் பறவைகளை நோக்குங்கள் என்னும் அழைப்பு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. சகோதரர் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றிய எச்சரிக்கை அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. இரண்டும் பார்வையைப் பற்றியவை. பறவையைப் பறவைக்காகவே கண்டு மகிழப் பழகிய கண்ணில் செருக்கின் மரக்கட்டை தங்குவது அரிது. அத்தகைய கண்ணே சகோதரரின் குறையை நோகாமல் காணவும் வல்லது.

நம் இல்லங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒருவரிடம் ஒரு குறையைச் சொல்லுமுன், அவரோடு கடைசியாக எப்போது சேர்ந்து மகிழ்ந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். விடை நினைவுக்கு வரவில்லையென்றால், முதலில் அவரோடு சிறிது தூரம் சேர்ந்து செல்வோம். நம் பின்சக்கரம் ஆடுவதாகப் பின்னாலிருந்து யாரேனும் குரல் கொடுத்தால், சினவாமல் இறங்கிப் பார்ப்போம். அது கோட்டமாக இருக்கும்போதே இறங்கிவிடுவது நல்லது.