கரை சேர்த்தவர்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வடகடலை நோக்கி அமைந்த க்ரோமர் என்னும் சிற்றூரில், நண்டு பிடித்தும், கோடையில் கடற்காற்று வாங்க வருகிறவர்களுக்குச் சாய்வு நாற்காலிகளை வாடகைக்கு விட்டும் ஜீவனம் நடத்திய ஹென்றி பிளாக் என்பவர், 53 ஆண்டுக்காலம் அவ்வூர் உயிர்காப்புப் படகில் ஊழியம் செய்து, தம் தோழர்களுடன் சேர்ந்து 873 பேருடைய பிராணனைக் கடலிடமிருந்து மீட்டு, மூன்று தங்கப் பதக்கங்களும் நான்கு வெள்ளிப் பதக்கங்களும் பெற்றார். அவருக்கு நீந்தத் தெரியாது.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, அப்படியானால் அவர் எப்பேர்ப்பட்ட தைரியசாலியாக இருந்திருக்க வேண்டும் என்று வியக்கிறார்கள். அந்த வியப்பில் எனக்குப் பூரண சம்மதம் இல்லை. நீந்தத் தெரியாதவன் தண்ணீரில் குதிப்பது தைரியம் என்றால், அது மூடனுக்கும் சாத்தியமே. பிளாக் தண்ணீரில் குதிக்கவில்லை. தண்ணீரின் மேல் படகை நடத்தினார். 1917 ஜனவரி 9 அன்று, ஊர் வாலிபர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதனால், ஐம்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமே பெரும்பாலாக இருந்த குழுவை அழைத்துக்கொண்டு, துடுப்பு வலித்துச் சென்று, ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரைக் கரை சேர்த்தார். நனைந்த உடை உலர்வதற்குள், ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் தேசத்துக் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி இரண்டாகப் பிளந்தது. மறுபடி படகைத் தள்ளினார்கள். அலை அதைக் கரைக்கே திருப்பியடித்தது. துடுப்புகள் முறிந்தன. வேறு துடுப்புகளைக் கொண்டுவந்து மீண்டும் போய், 11 பேரோடு திரும்பினார்கள். எந்த அலையை விட்டு எந்த அலையின் முதுகில் ஏறுவது, எந்த மணற்றிட்டின் மேல் நீரோட்டம் எப்படித் திரும்பும், எப்போது வலிப்பதை நிறுத்திக் காத்திருப்பது என்பதையெல்லாம் நண்டுக்கூடு போட்டே அறிந்துகொண்ட கைகள் அவை. அவ்வூரார் பிளாக்கின் தைரியத்தை அறிந்திருந்தார்கள். அவர் நாற்காலி வாடகையையும் அறிந்திருந்தார்கள். இரண்டும் ஒரே மனிதனுடையவை என்பதில் அவர்களுக்கு ஆச்சரியம் இருந்திராது என்றே நினைக்கிறேன்.

கடல் சம்பந்தமான சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆபத்தில் சிக்கிய கப்பலையோ அதிலுள்ள சரக்கையோ மீட்டுக் கொடுப்பவனுக்கு, மீட்ட பொருளின் மதிப்பைக் கணித்து வெகுமதி அளிக்க வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் மூழ்கவிருந்த மனிதனைக் காப்பாற்றியவனோ, காப்பாற்றப்பட்டவனிடம் ஒரு காசும் கேட்க முடியாது. 1989-இல் தேசங்கள் கூடி எழுதிய உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால், பஞ்சுப்பொதிக்கு விலை உண்டு, உயிருக்கு இல்லை என்று தோன்றும். சிந்தித்துப் பார்த்தால், விலை பேசினால் இழிந்துபோகும் ஒரு காரியத்தை வியாபாரத்துக்கு வெளியே நிறுத்தி வைத்த விவேகம் அதில் இருப்பது தெரிகிறது. 1910-இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான உடன்படிக்கையோ, கடலில் அழியும் நிலையில் இருப்பவன் பகைவனே ஆனாலும் அவனுக்கு உதவுவது கப்பல் தலைவனின் கடமை என்று விதித்துவிட்டு, தன் கப்பலுக்கும் தன் ஆட்களுக்கும் பெரும் ஆபத்து நேராத அளவில் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. எது பெரும் ஆபத்து, எது சிறு ஆபத்து என்று நள்ளிரவில், மழையில், நிமிஷக் கணக்கில் நிர்ணயிப்பது யார்? சட்டம் எழுதியவர்கள் அங்கே இருப்பதில்லை. கூலியும் கேட்க முடியாது, சட்டமும் பாதி வழியில் நின்றுவிடுகிறது; மிச்சமிருப்பது கௌரவம் ஒன்றுதான். ஆகவே அதை எதற்காக, யாருக்கு அளிக்கிறோம் என்பது அற்ப விஷயம் அல்ல.

கௌரவம் சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு விழும். 1838 செப்டம்பர் 7 அதிகாலை, இங்கிலாந்தின் கரைக்கு அப்பாலுள்ள ஃபார்ன் தீவுகளில் ஃபோர்ஃபார்ஷயர் என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது, லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலரும் அவருடைய மகள் கிரேஸ் டார்லிங்கும் சிறு படகை வலித்துச் சென்று, பாறையில் ஒண்டியிருந்த ஒன்பது பேர் பிழைக்கக் காரணமானார்கள். தந்தை பாறையின் மீது தாவி ஏறியபின், படகு பாறையில் மோதிச் சிதறாமலும் அலையோடு விலகிப் போய்விடாமலும், முன்னும் பின்னுமாக வலித்து வலித்து அதை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண். படகு பழகியவர்களைக் கேட்டால், போவதைவிட நிற்பது கடினம் என்பார்கள். பத்திரிகைகளுக்கு அந்த நுட்பம் வேண்டியிருக்கவில்லை, தேவதை வேண்டியிருந்தது. ஓவியர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தீவுக்கு வந்து அவளை உட்காரவைத்து எழுதினார்கள். முன்பின் அறியாதவர்கள் அவள் கூந்தலில் ஓரிழை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். நான்கே ஆண்டுகளில், 26-ஆம் வயதில், அவள் க்ஷயரோகத்தில் இறந்தாள்.

அதே காலையில் எதிர்க்கரையிலிருந்து ஏழு பேர் ஒரு படகில் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் கிரேஸின் சொந்தச் சகோதரன். அவர்கள் அந்தப் பாறையை அடைந்தபோது அங்கே இருந்தவை பிரேதங்களே. திரும்பிப் போகவும் கடல் விடவில்லை. கலங்கரை விளக்கத்திலேயே ஒதுங்கிக் கிடந்தார்கள். பட்ட பாட்டில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். காப்பாற்ற ஆள் மிஞ்சியிருக்கவில்லை என்பதே அவர்கள் குறை. உலகம் அவர்களை மறந்தது. பலனை வைத்துப் புகழும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. கிரேஸுக்குக் கிடைத்ததைப் பிடுங்க வேண்டும் என்பதில்லை; ஆனால் அவள் துடுப்பைப் புகழாமல் கூந்தலைப் புகழ்ந்தது அவளுக்கும் நியாயம் செய்தது ஆகாது.

என் தாய்மாமன் சரக்குக் கப்பல்களில் போசனாக, அதாவது மேல்தள மாலுமிகளின் மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். கொந்தளிக்கிற கடலில் அடுத்த படகுக்காரனைத் தூக்கி ஏற்றும் நேரத்தில் பயமாக இருக்காதா மாமா என்று கேட்டேன். அவர் பாக்கை மென்றுகொண்டே சொன்னார்: “பயமெல்லாம் கரைக்கு வந்தப்புறம்தான் மாப்பிள்ளே. அங்கே இருக்கிறப்போ பைலட் ஏணியை எந்தப் பக்கம் இறக்கறதுங்கிற யோசனைதான்.” அடக்கத்தினால் இப்படிப் பேசுகிறார் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது, அது வெறும் தகவல் என்று தோன்றுகிறது. மீட்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும், கடமையைத்தான் செய்தோம் என்று ஒரே பல்லவியைப் பாடுவதை நாம் பணிவு என்று சிலாகித்துவிட்டு, அவர்கள் சொன்ன விஷயத்தைக் கேளாமலே விட்டுவிடுகிறோம்.

அந்த விஷயம் இன்னதென்று காட்டும் ஓர் இரவு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அதில் மூழ்கிய கப்பலைப் பற்றியே உலகம் பேசுகிறது. 1912 ஏப்ரல் 15, நள்ளிரவு கடந்த நேரம். நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கார்பேதியா என்ற நடுத்தரமான கப்பலில், படுக்கப் போகும் தறுவாயிலும் கம்பியில்லாத் தந்தியின் காதுக்கருவியைக் கழற்றாமல் இருந்த ஹெரால்ட் காட்டம் என்ற இளைஞன், டைட்டானிக்கின் அபயக் குரலைக் கேட்டு, கப்பல் தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரனின் அறைக்குள் பாய்ந்தான். கதவைத் தட்டாமல் நுழைகிறானே என்று எரிச்சலோடு எழுந்த ராஸ்ட்ரன், சேதியைக் கேட்டதும் கப்பலைத் திருப்பக் கட்டளையிட்டுவிட்டுத்தான், உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று அவனைக் கேட்டார். இந்த வரிசைமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். சந்தேகம் தீர்ந்தபின் திரும்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செய்தி பொய்யானால் மறுபடி திருப்பிக்கொள்ளலாம், மெய்யானால் போன நிமிஷம் வராது என்ற கணக்கு, தூக்கம் கலையாத மூளையிலேயே முடிந்துவிட்டிருக்கிறது.

இடையே இருந்த தூரம் 58 மைல். பிரயாணிகளின் அறைகளுக்குச் செல்லும் வெந்நீரையும் வெப்பத்தையும் நிறுத்தி, நீராவி முழுவதையும் எந்திரத்துக்குத் திருப்பச் சொன்னார். கப்பலில் இருந்த மூன்று வைத்தியர்களில் ஆங்கிலேயரை முதல் வகுப்புச் சாப்பாட்டு மண்டபத்திலும், இத்தாலியரை இரண்டாம் வகுப்பிலும், ஹங்கேரியரை மூன்றாம் வகுப்பிலும் மருந்துகளோடு நிறுத்தினார். சூப்பும் காப்பியும் தேநீரும் கம்பளிகளும் தயாராயின. படகுகள் வெளிப்புறம் திருப்பி வைக்கப்பட்டன. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் மின்விளக்குக் கொத்து, கயிற்றேணி, காயம்பட்டவர்களைத் தூக்க ஊஞ்சல் நாற்காலி ஆகியவற்றைக் கட்டவைத்தார். கொந்தளிப்பை அடக்கக் கடலில் ஊற்றுவதற்கு எண்ணெய் எடுத்து வைக்கச் சொன்னார். ஏணியில் ஏற முடியாத குழந்தைகளைத் தூக்குவதற்குச் சாம்பல் அள்ளும் கித்தான் பைகள் வந்தன. கலவரமடைந்து வெளியே வரும் தம் பிரயாணிகளை நயமாகத் திருப்பி அனுப்ப ஒவ்வொரு நடைவழியிலும் ஓர் ஆளை நிறுத்தவும் அவர் மறக்கவில்லை. எண்ணற்ற கல்யாணங்களைப் பார்த்த தவசிப்பிள்ளை, உப்பிலிருந்து வெற்றிலை வரை பட்டியலைப் பாராமலே சொல்வதுபோல இத்தனையும் அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தக் கப்பலின் பொறுப்பை அவர் ஏற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

சாம்பல் பையில் ஏறிவரும் ஒரு குழந்தையை, அந்தக் குழந்தை இருக்கிறதா என்றே அறியாத மனிதர், ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்து நினைத்துக்கொண்டார் அல்லவா? அதுவே எனக்குத் தைரியம் என்று படுகிறது. பனிப்பாறைகளுக்கு நடுவே இருளில் முழு வேகத்தில் சென்றது மட்டும் தைரியம் என்றால், டைட்டானிக்கும் அதைச் செய்ததே! ராஸ்ட்ரன் கூடுதல் ஆட்களை முன்னணியிலும் இருபக்கமும் நிறுத்திப் பாறைகளைத் தேடவைத்தார். விலகி விலகிப் போனார். நாலு மணி சுமாருக்குச் சேர்ந்து, எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டார்.

நம் கடலிலும் இதற்கு ஈடான ஒன்று நிகழ்ந்தது. 2015 ஜூன் 22 அன்று, ஒடிஷாவின் கோபால்பூருக்கு அப்பால், எஞ்சின் பழுதாகி நங்கூரமும் போய்த் தத்தளித்த துர்கம்மா என்ற மீன்பிடி படகில் இருந்த ஏழு பேர், சோறும் தண்ணீரும் அலையோடு போனபின், மீனுக்காக வைத்திருந்த பனிக்கட்டியை உறிஞ்சி உயிர் தரித்திருந்தார்கள். சம்பூர்ண ஸ்வராஜ்ய என்ற எண்ணெய்க் கப்பலின் தலைவர் ராதிகா மேனன், இருபத்தைந்தடி அலையில் மூன்று முறை முயன்று, பைலட் ஏணி வழியே அவர்களை ஏற்றினார். பெரிய கப்பல் சிறு படகை நெருங்குவது, காப்பாற்ற நீட்டிய கையாலேயே நசுக்கிவிடக்கூடிய காரியம். முதல் இரண்டு முயற்சிகளில் விலகிக்கொள்ளத் தெரிந்ததும் மூன்றாவதைப்போலவே மெச்சத்தக்கது. மறு ஆண்டு சர்வதேசக் கடல்சார் அமைப்பு தன் வீர விருதை அவருக்கு அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். பத்திரிகைகள் பெண் என்பதை எழுதின. என் மாமா கேட்டது, காற்றுக்கு எந்தப் பக்கமாகக் கப்பலை நிறுத்தினார்கள் என்பதையே.

இவ்வளவும் எழுதியபின், தேர்ச்சி இருந்தால் கடல் விட்டுவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1981 டிசம்பர் 19 இரவு, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எஞ்சின் நின்றுபோய்ப் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட யூனியன் ஸ்டார் என்ற கப்பலில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஹெலிகாப்டர் முயன்று தோற்றது. மௌசல் என்ற மீனவ ஊரிலிருந்து சாலமன் பிரௌன் என்ற உயிர்காப்பு மரப்படகில் எட்டுத் தொண்டர்கள் சென்றார்கள். அலை அவர்கள் படகைத் தூக்கிக் கப்பலின் மேல்தளத்திலேயே போட்டு மறுபடி கடலில் சறுக்கியது. நான்கு பேரை ஏற்றிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். மிச்சமிருந்தவர்களுக்காகத் திரும்பினார்கள். அதன்பின் குரல் வரவில்லை. இரண்டு கலங்களிலும் இருந்த 16 பேரும் இறந்தார்கள். நான்கு பேரோடு திரும்பியிருக்கலாமே என்று கரையில் நின்று கேட்பது சுலபம். அவர்கள் கணக்கு தெரியாதவர்கள் அல்லர்; கணக்குப் பார்த்தும் போனார்கள். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, சரி என்று சொல்ல அருகதையும் இல்லை.

படகுத் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸுக்குத் தங்கப் பதக்கமும், மற்ற எழுவருக்கும் வெண்கலப் பதக்கமும் மரணத்துக்குப் பின் அளிக்கப்பட்டன. ஒரே தண்ணீரில் போனவர்களுக்கு இரு உலோகங்கள் ஏன் என்று முதலில் மனம் சுளிக்கிறது. முடிவெடுத்தவன் பாரம் வேறு என்ற நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. அன்று இரவு படகுக் கொட்டகைக்குத் தகப்பனும் மகனுமாக இருவர் ஓடி வந்தார்கள். பையனுக்குப் பதினேழு வயது, போகத் துடித்தான். இப்படிப்பட்ட இரவில் ஒரு குடும்பத்திலிருந்து ஓர் ஆளுக்கு மேல் கூடாது என்று ரிச்சர்ட்ஸ் மறுத்துவிட்டார். தகப்பன் போனார். ஒரு நாளைக்குள் புதிய குழுவுக்கு அந்த ஊரில் ஆள் சேர்ந்தது. கரையில் விடப்பட்ட பையன் பின்னாளில் அதே நிலையத்தின் படகுத் தலைவனானான். அந்த மறுப்புக்குப் பதக்கம் கொடுப்பதானால் எந்த உலோகத்தில் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.