வகுப்பறை யாருடையது?

'சேர்த்துக்கொள்வது' என்ற சொல்லில் ஒரு வீட்டுக்காரரின் தோரணை இருக்கிறது. வீடு ஏற்கனவே நம்முடையது. திண்ணையில் நிற்பவரை உள்ளே அழைக்கிறோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியில் மற்றவர்களோடு உட்கார வைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தத் தோரணையிலேயே நடக்கிறது. எனக்கு முதல் பிரச்னை, அந்த வீட்டின் மீது நாம் கொண்டாடும் பாத்யதைதான்.

சேர்ப்பதற்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, அந்தக் குழந்தை கூடுதலாகக் கற்கும். மற்றது, கூட இருக்கும் குழந்தைகளிடம் பரிவு வளரும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதலாவது, அங்கே இருக்கும் உரிமையைக் கற்றதன் அளவோடு பிணைக்கிறது. கற்கவில்லையென்றால் வெளியே அனுப்பலாம் என்ற முடிவு அதற்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். ஒரு குழந்தையை மற்றவர்களுக்கான நீதிபோதனைப் பாடமாக்குகிறது. மற்றக் குழந்தைகள் யாரிடமும், 'நீ இங்கே இருப்பதால் யாருக்கு என்ன லாபம்?' என்று நாம் கேட்பதில்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர், இக்குழந்தைகளை முகச்சாயலைக் கொண்டு ஓர் 'இன'மாக வகைப்படுத்தி மங்கோலியர் பெயரைச் சூட்டினார். 21வது குரோமசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் காரணம் என்பதை 1959இல் ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். மங்கோலியாவின் ஆட்சேபணைக்குப் பின் 1965இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது. பெயர் போயிற்று; பிரிக்கிற கண் போகவில்லை.

சட்டம் இதைத் தாண்டி வந்துவிட்டது. இத்தாலி 1977இலேயே தனி வகுப்புகளை ஒழித்தது. இந்தியாவில் 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம், 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் சட்டத்தால் எண்ண முடிவது வருகைப் பதிவேட்டிலுள்ள பெயரை. பெயர் பள்ளியில், பிள்ளை வீட்டில் என்ற நிலை அதன் கண்ணில் படுவதில்லை.

மருங்காபுரி ஒன்றியத்தின் மானாவாரிக் கிராமங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இப்படிப் பிறந்தவனுக்கு இங்கே ஊருக்குள் இடமில்லாமல் இல்லை. ஆடு ஓட்டுவான், டீக்கடைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் உண்டு. இதைக் கிராமத்தின் கருணை என்று கொண்டாட நான் தயாரில்லை. காசை எண்ணத் தெரியாதவனிடம் யாரும் கூலி பேசுவதில்லை. எனவே எழுத்தும் எண்ணும் அவனுக்கு அலங்காரமல்ல. ஏமாறாமல் பிழைப்பதற்கான குறைந்தபட்சத் தேவை.

அதைத் தரவேண்டிய கிராமத்துப் பள்ளி எப்படி இருக்கிறது? இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். மூன்றாவதும் நான்காவதும் ஒரே அறையில். 'ஒரு வகுப்பு, ஒரு வேகம்' என்பது அங்கே ஏற்கனவே பொய். 2007 வாக்கில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையை எடுத்துக்கொண்டு தன் ஏணியில் ஏறியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளைக் கண்டது. அதாவது, சமவேகம் கற்றலின் இயல்பல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்ததை எளிதில் பற்றிக்கொள்வது டவுன் குழந்தைகள் பலரின் சுபாவம். படமும் சொல்லும் சேர்ந்த அட்டை அவர்களுக்குப் பொருந்தும்.

ஆசிரியரின் ஆட்சேபணையை இங்கே அலட்சியம் செய்வதற்கில்லை. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வரவேண்டியவர். அவர் வராத நாட்களில் எல்லாம் ஒருவர் தலையில். ஆளைக் கொடுக்காமல் பிள்ளையை மட்டும் சேர்க்கும் அரசு, தன் தர்மத்தை ஆசிரியரின் முதுகில் ஏற்றுகிறது. ஆனால் இந்த வாதத்தின் முடிவு 'இன்னொரு ஆள் வேண்டும்' என்பதே. 'இந்தப் பிள்ளை வேண்டாம்' என்பதல்ல. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நாம் எவ்வளவு லகுவாக நழுவுகிறோம் என்பதில்தான் நம் உண்மையான மதிப்பீடு வெளிப்படுகிறது.

தொடக்கப்பள்ளியின் ஏணி, பத்தாம் வகுப்புத் தேர்வில் சல்லடையாகிவிடுகிறது. அங்கே சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் தருகிறோம். சல்லடையின் கண்ணை மாற்றுவதில்லை. அறை சலித்தெடுப்பதற்கென்று கட்டப்பட்டிருந்தால் அது இவனுக்கு மட்டும் அந்நியமல்ல; ஆண்டுதோறும் சத்தமில்லாமல் கழிந்து விழும் மற்றவர்களுக்கும் அந்நியம்தான். கற்பிப்பதற்கென்றால், அவனை அழைத்துச் சேர்த்துக்கொள்ள நாம் யார்? அவனுக்கு வேண்டியது உட்கார ஓர் இடம், கையில் ஓர் அட்டை, கூட இன்னொரு ஆசிரியர்.